எறும்பின் பெயர்: இலங்கை எறும்பொன்று இனங்காணப்பட்ட வரலாறு

முற்றத்திலோ மரத்தடியிலோ ஊர்ந்து செல்லும் எறும்பொன்றைக் காட்டி, 'இஃது என்ன எறும்பு?' என்று ஒருவர் வினவுவாராயின், அவ்வினா விலங்கியலுக்கு மட்டுமே உரியது என்று நாம் கருதிவிடுகின்றோம். ஆயின் அதற்கு விடை கூற முற்படுபவர் தம்மை அறியாமலே ஒரு வரலாற்றினுள் நுழைகின்றார். ஓர் எறும்பின் விஞ்ஞானப் பெயர் யாரோ ஒருவர், ஏதோ ஓர் ஆண்டில், எங்கோ ஓரிடத்திற் பிடிக்கப்பட்ட ஒரு குறிப்பிட்ட எறும்பைக் கண்முன் வைத்து இட்ட பெயராகும். இன்று நம் கையில் இருக்கும் எறும்பு அந்தப் பழைய எறும்போடு ஒத்ததா என்று ஒப்பிட்டுத் துணிவதையே இனங்காணல் என்கிறோம். ஆகவே இனங்காணல் என்பது சான்றுகளின் தொடரொன்றை நம்பி நிற்பது. அத்தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் பெயர் பொருளற்ற ஒலியாகிவிடும்.

இக்கருத்தினை விளக்குவதற்கு இலங்கைக்கே உரிய எறும்பொன்றின் வரலாற்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. விஞ்ஞானிகள் அதனை அனியுரீற்றசு சிமோனி என அழைப்பர். மஞ்சள் சார்ந்த நிறமும் சில மில்லிமீற்றர் நீளமும் கொண்டு, காட்டின் உக்கிய சருகுகளிடையே வாழும் இச்சிற்றுயிரை நம்முள் கண்டவர் மிகச் சிலரே. ஆயினும் எறும்புக் குலத்தின் கூர்ப்பினை ஆராய்வோர் உலகெங்கும் இதன் பெயரை அறிவர்.

பெயர்களும் மரபும்

எறும்புகளை வேறுபடுத்தி அறியும் முயற்சி தமிழர்க்குப் புதியதன்று. முசுறு, கட்டெறும்பு, சுள்ளெறும்பு, சிற்றெறும்பு, பிள்ளையார் எறும்பு என நம் மக்கள் வழங்கும் பெயர்கள் கூர்ந்த அவதானத்தின் விளைவுகளே. இவற்றுள் முசுறு என்பது பழைய இலக்கியத்தில் முயிறு என வழங்கியது. நற்றிணைப் பாடலொன்றில் முயிறு மொய்க்கும் கூடு பற்றிய குறிப்பு உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவை பெற்றுள்ள அறிவின் அடிப்படையில் ஆறு வகையாகப் பகுத்து, சிதலையும் எறும்பையும் மூவறிவுடையனவாக வைக்கின்றது. தொடுகை, சுவை, மணம் என்பனவே அம்மூன்று. பெரும்பாலான எறும்புகளுக்குக் கண்களும் உண்டு என்பதை நாம் இன்று அறிவோம். எனினும் எறும்பின் வாழ்க்கையில் மணத்திற்கு முதன்மை உண்டு என்பதும் இன்றைய ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது.

சிதல் எனப்படும் கறையானும் எறும்பும் அங்கு ஓரினமாக எண்ணப்பட்டமையும் கருதத்தக்கது. கறையான் கரப்பானுக்கு நெருங்கிய உறவுடையது. எறும்போ குளவிக்கும் தேனீக்கும் உறவுடையது. கூட்டு வாழ்க்கை என்ற புறத்தோற்ற ஒற்றுமையே இரண்டையும் ஒருங்கு வைத்தெண்ணச் செய்தது. ஆங்கிலேயரும் கறையானை 'வெள்ளை எறும்பு' என்றே அழைத்து வந்தனர் என்பதை நோக்குமிடத்து, இம்மயக்கம் ஒரு மொழிக்கோ ஒரு காலத்திற்கோ மட்டும் உரியதன்று என்பது புலனாகும்.

மக்கள் வழக்கிலுள்ள பெயர்கள் வாழ்க்கைத் தேவையைத் தழுவி எழுந்தவை. கடிக்குமா, வலிக்குமா, பண்டங்களை நாடி வருமா என்பவையே அத்தேவைகள். ஆதலின் அவை சில இடங்களில் நுண்மையாகவும் வேறு சில இடங்களில் மிகப் பொதுவாகவும் அமைகின்றன. முசுறு என்ற சொல் ஏறக்குறைய ஓர் இனத்தையே குறிக்கின்றது. கட்டெறும்பு என்ற சொல்லோ கரிய பெரிய எறும்புகள் பலவற்றுக்கு வழங்கக்கூடியது. அவற்றுள் காம்பொனோற்றசு சாதியைச் சேர்ந்தவற்றுக்குக் கொடுக்கு இல்லை. அவை கடித்து, வயிற்று நுனியிலுள்ள சிறு துளையினால் போமிக்கமிலத்தைப் பீச்சும். தயகம்மா சாதியைச் சேர்ந்தவையோ கொடுக்கினாற் கொட்டும். வெறுங்கண்ணுக்கு ஒரு தன்மையனவாகத் தோன்றும் இவை வெவ்வேறு துணைக்குடும்பங்களைச் சேர்ந்தவை. விஞ்ஞானப் பெயரிடலின் தேவை இங்குதான் எழுகின்றது.

சொல்லும் சான்றும்

1758ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலின் பத்தாம் பதிப்பில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு எறும்பினங்கள் 17இனை விவரித்து, அவை யாவற்றையும் போமிக்கா என்ற ஒரே சாதியுள் அடக்கினார். இன்று உலகில் பெயரிடப்பட்டுள்ள எறும்பினங்கள் 14,000இற்கும் மேற்பட்டவை. இவ்வளர்ச்சிக்கு இடைப்பட்ட காலம் இடர்ப்பாடுகள் பல நிறைந்தது.

லின்னேயசின் மாணாக்கரான பபிரிசியசு 1775இல் நமது முசுறுக்குப் பெயரிட்டபோது மரகதம் போன்றது எனப் பொருள்படும் சொல்லொன்றைத் தெரிந்தார். நம் தோட்டங்களில் மாமர இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுற்றின் வேலையாள் எறும்புகளோ செம்மஞ்சள் நிறத்தன. அவ்வினத்து அரசியே பசுமை சார்ந்த நிறம் உடையது. அவுசுத்திரேலியாவில் வாழும் வேலையாள் எறும்புகளின் வயிற்றுப் பகுதியும் பச்சை நிறமாக இருக்கும். ஓரினத்துள்ளேயே சாதிப் பிரிவுக்கும் நாட்டுக்கும் ஏற்ப நிறம் வேறுபடுமாயின், நிறத்தை முதன்மைச் சான்றாகக் கொள்வது எங்ஙனம்? எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் அதன் பின்னருங்கூட நிறத்தையும் பருமனையும் பெரிதும் சார்ந்த விவரணங்கள் எழுதப்பட்டே வந்தன.

தென்னாசிய எறும்புகளைப் பொறுத்தவரையில் இவ்விடர்ப்பாட்டிற்கு ஜேர்டனின் பணி தக்க எடுத்துக்காட்டாகும். மருத்துவராகத் தென்னிந்தியாவிற் பணியாற்றிய அவர், அங்குள்ள எறும்பினங்களின் பட்டியலொன்றை 1851இல் வெளியிட்டார். உயிருள்ள எறும்புகளை அவற்றின் வாழிடத்திலேயே அவதானித்து எழுதியமையால் அவரது குறிப்புகள் இன்றும் படிக்கச் சுவையானவை. தாவிப் பாயும் இயல்புடைய ஆர்ப்பெக்னாதோசு என்ற எறும்பினை அவர் விவரித்த திறம் போற்றத்தக்கது. ஆயின் அவர் விவரித்த எறும்புகளின் மாதிரிகள் பிற்காலத்தவர்க்குக் கிட்டவில்லை. தாவும் எறும்பைப் போலத் தனித்தன்மை வாய்ந்தவற்றை அவரது சொற்களைக் கொண்டே அறிந்துகொள்ள முடிந்தது. மற்றைய சிலவற்றைப் பொறுத்தவரையில் அவர் குறித்தது எவ்வினத்தை என்று துணிவதற்கு வழியில்லாது போயிற்று. சொல் இருந்தது, சான்று இல்லை.

இங்கு இலக்கிய மாணவர்க்கு நன்கு பழக்கமான ஒரு நிலைமையை நினைவுகூரலாம். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்து, பாடங்களை ஒப்பிட்டு, நூலின் வடிவத்தை உறுதிசெய்தனர். மூல ஏடு அழிந்து மேற்கோள் மட்டும் எஞ்சிய நூல்களைப் பற்றி நாம் உறுதியாக எதனையும் கூறமுடிவதில்லை. உயிரினப் பெயரிடலில் மூல ஏட்டின் இடத்தைப் பெறுவது வகைமாதிரி ஆகும். பெயரிட்டவர் எந்த உயிரை நோக்கிப் பெயரிட்டாரோ, அது ஊசியிற் குத்தப்பட்டு, கிடைத்த இடமும் காலமும் பொறித்த சிறு சீட்டுடன் நூதனசாலையொன்றிற் பேணப்படும். பிற்காலத்தவர்க்கு ஐயம் எழும்போதெல்லாம் அதுவே இறுதிச் சான்றாக நிற்கும்.

எறும்பாராய்ச்சியிற் புறத்தோற்றத்தைக் கடந்து உட்கட்டமைப்பினை நோக்கும் போக்கினை வலுப்படுத்தியவருள் சுவிற்சர்லாந்து அறிஞர் ஓகஸ்ற் போரெல் முக்கியமானவர். சூரிச் நகரின் மனநோய் மருத்துவமனையொன்றிற்கு இயக்குநராக இருந்த அவர், எறும்பின் அரைப்பையையும் நச்சுச் சுரப்பியையும் அறுத்தாராய்ந்து, 1878இல் அவற்றின் அடிப்படையில் எறும்புகளைப் பகுத்தார். இந்தியா, இலங்கை ஆகியவற்றின் எறும்புகளைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் அவர் எழுதிய நெடுந்தொடர் 1892 தொடக்கம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. படையதிகாரிகள், வன அதிகாரிகள் முதலியோர் இங்கிருந்து அனுப்பிய எறும்புகளை அவர் ஐரோப்பாவிலிருந்தே பரிசீலித்தார். 1903இல் பிங்காம் வெளியிட்ட நூல் இந்தியா, பர்மா, இலங்கை ஆகியவற்றின் எறும்புகளை ஆங்கிலத்தில் ஒருங்கு தொகுத்துத் தந்தது. ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் அந்நூலைப் புரட்டாது தென்னாசிய எறும்புகளை ஆராய்தல் அரிது.

காலனித்துவ ஆட்சியின் வலையமைப்பு இல்லாதிருப்பின் இச்சேகரிப்புகள் நிகழ்ந்திரா என்பதும், அதனாலேயே இந்நாட்டு எறும்புகளின் மூலச் சான்றுகள் இலண்டன், செனீவா, செனோவா முதலிய நகரங்களிற் போய்ச் சேர்ந்தன என்பதும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாகும்.

சிலந்தி தேடி வந்தவர்

1892ஆம் ஆண்டு சனவரி, பெப்ரவரி மாதங்களில் இயூசேன் சிமோன் என்ற பிரெஞ்சு அறிஞர் இலங்கையிற் பயணம் செய்தார். சிலந்திகளை ஆராய்வதில் அக்காலத்தில் அவருக்கு நிகரானவர் அரிது. சிலந்தி தேடுபவரின் கண்ணுக்கு எறும்பு தப்புவதில்லை. சருகுகளை அரிக்கும்போது இரண்டும் ஒருங்கே கிடைக்கும். அன்றியும் எறும்பைப் போலத் தோற்றம் கொண்ட சிலந்திகளும் உண்டு. முசுற்றின் உருவையும் நடையையும் ஒத்த சிலந்தியொன்று இலங்கையில் வாழ்கின்றது. அதன் முன்னிரு கால்கள் உணர்கொம்புகள் போல உயர்ந்து அசைவதால் எண்காலி அறுகாலியாகவே தோன்றும். எறும்பை இனங்காண விழைபவர் கால்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் முதற்பாடம்.

சிமோன் தாம் கொண்டுசென்ற எறும்புகளைத் தாமே ஆராயவில்லை. அவற்றை இத்தாலியின் பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தில் விலங்கியற் பேராசிரியராக இருந்த கார்லோ எமெரி ஆராய்ந்தார். 1848இற் பிறந்த எமெரி இலங்கைக் காடுகளைக் கண்டவரல்லர். நுணுக்குக்காட்டியின் கீழ் உலர்ந்த எறும்புகளை ஒவ்வொன்றாக வைத்து நோக்கிய அவர், அவற்றுள் ஒன்று தாம் அறிந்த எச்சாதியினுள்ளும் அடங்காமையைக் கண்டார். 1893இற் பிரான்சின் பூச்சியியற் கழகத்து ஏட்டில் வெளிவந்த கட்டுரையில் அதற்கு அனியுரீற்றசு என்ற புதிய சாதிப் பெயரையும், சேகரித்தவரை நினைவுகூரும் வகையிற் சிமோனி என்ற இனப் பெயரையும் அளித்தார். அனியூரெற்றோசு என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கண்டுபிடிக்கப்படாதது என்பது பொருள். அடுத்த அறுபது ஆண்டுகளின் வரலாற்றை நோக்குமிடத்து அப்பொருள் மிகவும் பொருந்துவதாகவே தோன்றுகின்றது.

இவ்வெறும்பின் சிறப்பினை உணர்வதற்கு எறும்பின் உடலமைப்புப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். எறும்பின் நெஞ்சுப் பகுதிக்கும் பருத்த வயிற்றுக்கும் இடையே ஒடுங்கிய இடை உண்டு. அவ்விடை ஒரு கணுவால் ஆனதா, இரு கணுக்களால் ஆனதா என்பது இனங்காணலின் தொடக்க வினாக்களுள் ஒன்று. அடுத்து வயிற்றின் நுனியை நோக்குதல் வேண்டும். அங்குக் கொடுக்கு உண்டா, வட்டமான சிறு துளை உண்டா, அன்றிக் குறுக்கான பிளவு மட்டும் உண்டா என்பது துணைக்குடும்பத்தைச் சுட்டும். குறுக்குப் பிளவுடைய தொலிகோதெரினே என்ற துணைக்குடும்பத்தில் கொட்டத்தக்க கொடுக்கு இல்லை. அது சிறுத்துப் பயனற்றுப் போயிற்று. அனியுரீற்றசு பல கூறுகளில் இக்குழுவினை நினைவூட்டியது. ஆயினும் அதனிடம் நன்கு வளர்ந்த கொடுக்கு இருந்தது. பொதுவாக ஒருங்கே காணப்படாத பண்புகள் ஒரே உடலில் இணைந்திருந்தமையே சிக்கலுக்குக் காரணமாயிற்று.

எமெரி 1913இல் தொலிகோதெரினேயுள் இதற்கெனத் தனிக் குலமொன்றை அமைத்தார். இரண்டு ஆண்டுகளின் பின், 1915இல், அமெரிக்க அறிஞர் வில்லியம் மோற்றன் வீலர் போல்றிக் கடற்பகுதியின் அம்பரில் அகப்பட்டிருந்த பழம்பெரும் எறும்புகளை விவரித்தபோது, அவற்றுட் சில இக்குலத்தைச் சேர்ந்தவை எனக் கண்டார். அம்பர் என்பது பண்டைய மரங்களின் பிசின் இறுகியதால் உண்டான பொருள். அதிற் சிக்கிய எறும்பு பல கோடி ஆண்டுகள் கடந்தும் உருக்குலையாது இருக்கும். 1930இல் வட அமெரிக்காவின் கொலராடோப் பாறைகளிலிருந்தும் இக்குழுவைச் சேர்ந்த உயிர்ச்சுவடொன்று விவரிக்கப்பட்டது. ஒருகாலத்தில் உலகின் வடபகுதியிற் பரந்து வாழ்ந்த ஒரு குடியின் எஞ்சிய வழித்தோன்றல் இலங்கைத் தீவில் மட்டும் வாழ்கின்றது என்ற கருத்து இவ்வாறு உருவாயிற்று. 1951இல் ஜோன் கிளாக் இதனைத் தனித் துணைக்குடும்பமாகவே உயர்த்தினார். உயிருடன் உள்ள ஒரே ஓரினத்தைக் கொண்ட துணைக்குடும்பமாக அது இன்றும் விளங்குகின்றது.

எனினும் இத்தனை வாதங்களும் நூதனசாலைகளில் இருந்த ஒருசில உலர்ந்த மாதிரிகளை வைத்தே நடைபெற்றன. இவ்வெறும்பு எங்கே கூடு கட்டுகின்றது, என்ன உண்கின்றது, அதன் அரசி எத்தகையது என்பன போன்ற வினாக்களுக்கு விடை கூறுவார் இலர்.

இரத்தினபுரியில் ஒரு சுள்ளி

1955இல் எட்வேர்ட் வில்சன் என்ற இளைஞர் இலங்கைக்கு வந்தார். ஆவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர் அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தார். நியூகினி, அவுசுத்திரேலியா முதலிய நாடுகளில் எறும்பு சேகரித்துவிட்டு ஐரோப்பா செல்லும் வழியில், அனியுரீற்றசைத் தேடுவதற்கென்றே அவர் இங்கு தங்கினார். முந்திய சேகரிப்பாளரின் தடத்தைப் பின்பற்றிக் கண்டியின் உடவத்தைக்கெலே வனத்தில் அவர் நாட்கணக்கில் தேடியும் பயன் கிட்டவில்லை. பின்னர் தெற்கே இரத்தினபுரிக்குச் சென்றார். அங்கு நிலத்திற் கிடந்த உட்குழிந்த சுள்ளியொன்றை ஒடித்தபோது மெலிந்த மஞ்சள் நிற எறும்புகள் அவரது கையில் ஊர்ந்தன. அவையே தேடிவந்தவை என்பதை அவர் உடனே உணர்ந்தார். தொடர்ந்து சிவனொளிபாதமலையின் அடிவாரத்தையொட்டிய கிலிமலேக் காட்டில் அவற்றின் கூடுகளைக் கூடுதலாகக் கண்டு அவதானித்தார்.

இந்நிகழ்ச்சியில் நற்பேற்றுக்கும் பங்கு உண்டு. ஆயினும் சுள்ளியை ஒடித்த கணத்திலேயே எறும்பை அறிந்துகொள்ள அவருக்கு இயன்றது எதனால் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் எமெரி எழுதிவைத்த விவரணம் அவர் மனத்தில் இருந்தது. அவ்விவரணத்தைச் சரிபார்க்க மாதிரிகள் இருந்தன. மாதிரிகளைப் பிடித்த இடம் பற்றிய குறிப்பு இருந்தது. இவற்றுள் எதுவும் இல்லாதிருப்பின் அந்தச் சுள்ளியிலிருந்து வெளிப்பட்டவை பெயரறியா மஞ்சள் எறும்புகளாகவே அவர்க்குத் தோன்றியிருக்கும். இரத்தினபுரிக் காட்டில் விறகு பொறுக்கிய எத்தனையோ பேர் அவ்வெறும்பை முன்னரே கண்டிருக்கக்கூடும். காண்பதற்கும் இனங்காண்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு இதுவேயாகும்.

1956இல் வில்சன் வேறு மூவருடன் இணைந்து வெளியிட்ட கட்டுரை, இனங்காணல் எவ்வளவு ஆழமாகச் செல்லக்கூடும் என்பதைக் காட்டியது. தோமசு ஐஸ்னர் அரைப்பையின் அமைப்பை ஆராய்ந்தார். போரெல் 1878இல் தொடங்கிவைத்த வழியின் தொடர்ச்சி அது. ஜோர்ச் வீலர், ஜெனற் வீலர் தம்பதியர் குடம்பிகளை விவரித்தனர். எறும்புகளின் கூர்ப்பில் இது ஒரு முக்கிய இணைப்பு என்ற முடிவுக்கு அக்கட்டுரை வந்தது.

அடுத்த கட்டத்தில் இலங்கையரின் பங்களிப்புத் தெளிவாகின்றது. ஆனுலா ஜயசூரிய, ஜேம்சு திரனியெல்லோ ஆகியோர் இவ்வெறும்பின் இரசாயனத் தொடர்பாடல் பற்றி 1981இலும், அதன் உயிரியல் பற்றி 1985இலும் கட்டுரைகள் வெளியிட்டனர். இவ்வினத்தில் பெரியவை, சிறியவை என இருவகை வேலையாட்கள் உள்ளமையும், அதன் குடியிருப்புகள் சிறியனவாக அமைவதும், உக்கிய மரத்துண்டுகளிலும் சருகுகளிடையேயும் அவை வாழ்வதும் விரிவாக அறியப்பட்டன. வயிற்றின் அடிப்பகுதியிலுள்ள சுரப்பியொன்றின் மணத்தால் இவை தம் தோழர்க்கு வழிகாட்டுகின்றன என்பதும் காட்டப்பட்டது. மணத்தை எறும்பின் மூன்றாம் அறிவாக வைத்த மரபை அறிந்தவர்க்கு இம்முடிவு தனிச்சுவை தருவதாகும்.

2006இல் வெளிவந்த இரு பெரும் மரபணு ஆய்வுகளும் அனியுரீற்றசு தொலிகோதெரினேயின் மிக நெருங்கிய உறவுக் கிளை என்றே கண்டன. உலர்ந்த உடலைக் கண்ணாற் கண்டு எமெரி ஊகித்த உறவு ஒரு நூற்றாண்டின் பின் முற்றிலும் வேறானதொரு சான்றினால் வலுப்பெற்றமை, கூர்ந்த நோக்கின் ஆற்றலை நமக்கு உணர்த்துகின்றது.

பெயரும் காடும்

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. இவ்வெறும்பின் வாழிடமான ஈரவலயத் தாழ்நிலக் காடுகள் பெருந்தோட்டங்களுக்காகவும் குடியேற்றங்களுக்காகவும் மரத்துக்காகவும் நெடுங்காலமாக வெட்டப்பட்டுத் துண்டுதுண்டாக எஞ்சியுள்ளன. 1996இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அனியுரீற்றசு சிமோனி மிக ஆபத்தான நிலையிலுள்ள இனமாகக் குறிக்கப்பட்டது. பிற்காலத்தில் களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீயானி டயசும் அவருடன் இணைந்தோரும் நடத்திய ஆய்வுகள் ஈரவலயத்தின் வேறு பல இடங்களிலும் இவ்வெறும்பு வாழ்வதை வெளிப்படுத்தின. இது மகிழ்ச்சிக்குரியது. அதே வேளை ஒரு கேள்வியையும் எழுப்புகின்றது. அவ்வெறும்பு அவ்விடங்களில் நெடுங்காலமாகவே வாழ்ந்திருத்தல் வேண்டும். அதனை இனங்காணும் பயிற்சி பெற்ற கண்கள் அங்குச் செல்லாமையே அது பதிவாகாமைக்குக் காரணம். அங்ஙனமாயின், பயிற்சி பெற்றவர் செல்லும் முன்னரே வெட்டப்பட்ட காடுகளில் எவை இருந்தன என்பதை இனி யார் கூறுவர்? பெயர் பெறாது மறைந்த உயிருக்கு மறைவும் பதிவாவதில்லை.

இலங்கையில் இன்று முந்நூறுக்கு மேற்பட்ட எறும்பினங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுட் பலவற்றை ஆராய்ந்த பழைய கட்டுரைகள் பிரெஞ்சு, இத்தாலிய, ஜேர்மன், ஆங்கில மொழிகளில் அமைந்தவை. அவற்றின் வகைமாதிரிகள் பெரும்பாலும் ஐரோப்பிய நூதனசாலைகளில் உள்ளன. எமெரியின் சேகரிப்புச் செனோவா நகர நூதனசாலையில் இருக்கின்றது. முன்னர் இவற்றை ஒப்பிட விரும்பிய இந்நாட்டு மாணவர் கடல் கடந்து செல்லவோ, மாதிரியைத் தபாலில் அனுப்பிக் காத்திருக்கவோ வேண்டியிருந்தது. அந்நிலை ஓரளவு மாறிவிட்டது. கலிபோர்ணிய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த பிரையன் பிசர் 2002இல் தொடக்கிவைத்த அன்ற்வெப் என்ற மின்தொகுப்பில் வகைமாதிரிகள் பலவற்றின் நுண்படங்களை எவரும் காணலாம். 1994இற் பரி போல்ற்றன் வெளியிட்ட உலக எறும்புச் சாதிகளுக்கான கைந்நூல், இவ்விரண்டு வினாக்களாகக் கிளைத்துச் செல்லும் இணைக்கவர்ச்சுட்டியின் துணைகொண்டு ஒருவரைச் சாதி வரை அழைத்துச் செல்லும்.

ஆயினும் படத்தினால் மட்டும் எறும்பை இனங்காணலாம் என்று கருதுதல் பொருந்தாது. இணைக்கவர்ச்சுட்டி கேட்பவை உணர்கொம்பின் துண்டங்கள் எத்தனை, இடையின் கணு எத்தகையது, சிபுகத்தின் பற்கள் எவ்வாறு அமைந்துள்ளன, நெஞ்சில் முட்கள் உண்டா என்பன போன்ற வினாக்கள். இவற்றுக்கு விடை கூற மாதிரி கையில் இருத்தல் வேண்டும். அம்மாதிரியை மதுசாரத்தில் இட்டு, பிடித்த இடம், நாள், வாழிடம், பிடித்தவர் பெயர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி வைத்தல் வேண்டும். சீட்டில்லா எறும்பு காலம் குறிக்கப்படாத சாசனம் போன்றது. அதிலிருந்து பெறக்கூடியது சிறிதே. சிமோன் தம் பயணத்திற் செய்தது இவ்வளவே. அவர் எறும்பறிஞர் அல்லர். தாம் முழுமையாக அறியாத ஒன்றை அறியக்கூடியவர் கையிற் சேரும்படி ஒழுங்காகப் பேணினார். அவ்வொழுங்கின்றி 1893ஆம் ஆண்டுக் கட்டுரையும் இல்லை; 1955ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பும் இல்லை.

நமது பல்கலைக்கழகங்களின் வளாகங்களில் மரங்களுக்கும் சருகுகளுக்கும் குறைவில்லை. அவற்றில் வாழும் எறும்புகளைச் சேகரித்து, சீட்டெழுதி, ஆண்டுதோறும் பேணிவரும் ஒரு சிறு தொகுப்புப் பெருஞ்செலவை வேண்டுவதன்று. விலங்கியல் மாணவர் அதனைத் தொடங்கலாம். தமிழ் மாணவர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் எறும்புகளுக்கு வழங்கும் பெயர்களை, எந்த எறும்பைக் காட்டி அப்பெயர் சொல்லப்பட்டது என்ற விவரத்துடன் பதிவுசெய்தலே அது. எறும்பைக் காணாது பெயரை மட்டும் தொகுத்தால் ஜேர்டனின் பட்டியலுக்கு நேர்ந்த குறையே நமக்கும் நேரும். பெயரும் மாதிரியும் ஒருங்கே பதிவாகுமாயின், முயிறு முதல் பிள்ளையார் எறும்பு வரை நம் முன்னோர் கண்டறிந்தவையும் விஞ்ஞானத்தின் சான்றுத் தொடரில் தமக்குரிய இடத்தைப் பெறும்.

எமெரி இலங்கையைக் காணாமலே இலங்கையின் எறும்பொன்றை உலகுக்கு அறிமுகம் செய்தார். இங்கேயே வாழும் நாம் அதன் பெயரையாவது அறிந்திருத்தல் வேண்டும். அப்பெயருக்குரிய உயிர் வாழும் காடும் எஞ்சியிருத்தல் வேண்டும்.